போர்டு வீடு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

குடியிருப்போர் சங்க வேலையில் பல வருஷம் அலைந்தவள் என்பதால், போர்டு வீடுகளைப் பற்றி, அதாவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (பழைய குடிசை மாற்று வாரியம்) கட்டித் தரும் அடுக்குமாடி வீடுகளைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் பழைய பிளாக்கை இடித்துக் கட்டப் போகிறார்களாம். 24,000 ரூபாய் தருவோம், காலி செய்யுங்கள் என்கிறார்கள். போகலாமா?

பதில்: வேலை முடியும்வரை வெளியே வாடகைக்கு இருக்கத் தரும் இந்தக் கருணைத் தொகை முன்பு 8,000தான், பிறகுதான் 24,000 ஆக்கினார்கள். ஆனால் கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் என்று வைத்தாலே மாதத்துக்கு 1,333 ரூபாய்தான் வருகிறது, அந்தக் காசுக்குச் சென்னையில் மொட்டைமாடி ஷெட்கூடக் கிடைக்காது, அதனால் பக்கத்தில் என்ன வாடகை, எவ்வளவு அட்வான்ஸ் என்று விசாரித்துவிட்டு அப்புறம் சாமானைக் கட்டுங்கள். ஒதுக்கீட்டு ஆணை யார் பெயரில் இருக்கிறது? இறந்துபோன அப்பா பெயரில் என்றால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி இப்போதே மனு கொடுங்கள், இடித்த பிறகு அலைய வேண்டாம். புது வீட்டுக்கு நீங்கள் கட்ட வேண்டிய பயனாளி பங்குத் தொகை எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எங்கள் பகுதியில் கூட்டத்தில் ஒரு தொகை சொன்னார்கள், சாவி கொடுக்கும்போது வேறு தொகை கேட்டார்கள். யாரிடமும் துண்டுச் சீட்டுகூட இல்லை, என்னையும் சேர்த்துத்தான்!

கேள்வி: சென்னைக்குத் தெற்கே தள்ளியிருக்கும் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தால் வாங்கலாமா?

பதில்: சுவரைத் தட்டிப் பார்ப்பது இருக்கட்டும், பஸ்ஸைப் பாருங்கள். மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் காலை 6 மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? ஒரு திங்கட்கிழமை காலையில் நீங்களே போய் வந்து பாருங்கள். 2000-இல் இதேபோலத் தள்ளியிருக்கும் கண்ணகி நகர் போர்டு வீடுகளுக்குப் போனவர்கள் பட்டதும் இதே பாடுதான், வீடு கிடைத்தது, வேலை தூரமாகிவிட்டது.

கேள்வி: கண்ணகி நகரில் சுவரெல்லாம் ஓவியம் வரைந்தார்களே, அது நல்லதுதானே?

பதில்: அழகுதான், கண்ணகி நகர் என்றாலே முகம் சுளித்தவர்கள் இப்போது போட்டோ எடுக்க வருகிறார்கள். தண்ணீர் வருகிறதா என்பது தனிக் கேள்வி.

கேள்வி: ஒருவர் 2 லட்சம் கொடுத்தால் அலாட்மெண்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள்.

கேள்வி: லிஃப்ட் ரிப்பேர், சங்கத்துக்கு யாரும் பணம் தருவதில்லை.

பதில்: 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் சங்கத்தைப் பதிவு செய்தீர்களா? நீங்கள் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்குச் சமமாக அரசும் போடும் ஏற்பாடு அது. அப்புறம், வரவு செலவை மாதாமாதம் படிக்கட்டுப் பக்கத்தில் ஒட்டுங்கள். எங்கள் பிளாக்கில் மோட்டார் ரிப்பேர் பில்லை ஒட்டிய மறுநாள், கீழ்வீட்டுக்காரர் மூன்று மாதப் பாக்கியைத் தானே கொண்டுவந்து கொடுத்தார், கூடவே பில்லில் ஒரு கூட்டல் தப்பையும் காட்டினார்.