'நாய் ஜாக்கிரதை' போர்டு யாரைக் காப்பாற்றும்?

கேள்வி: வணக்கம் வக்கீல் மேடம். பக்கத்து வீட்டில் ராஜபாளையம் நாய் வளர்க்கிறார்கள். பகலில் தென்னை மரத்தில் கட்டிப்போட்டு, ராத்திரி அவிழ்த்து விடுவார்கள். அவர்கள் வீட்டு கேட்டின் தாழ்ப்பாள் உடைந்துபோய், கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். போன வாரம் விடியற்காலையில் கோலம் போட வந்த என் மாமியாரை, அந்த கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து கெண்டைக்காலில் கடித்துவிட்டது. முன்பே பால்காரரையும் ஒருமுறை விரட்டியிருக்கிறது. போய்க் கேட்டால், "போர்டு மாட்டியிருக்கோம்ல, அதுக்கு மேல என்ன பண்ணச் சொல்றீங்க?" என்கிறார்கள். ஊசிச் செலவுக்கென்று ஐந்நூறு ரூபாய் நீட்டினார்கள், நாங்கள் வாங்கவில்லை. என் கணவர், பிரெட்டில் மருந்து வைத்துவிடுகிறேன் என்று நிற்கிறார். போலீஸில் புகார் கொடுத்தால் எடுப்பார்களா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் உங்கள் கணவர் விஷயம். விலங்கைக் கொன்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. நாயைக் கவனக்குறைவாக வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு 291-ஆம் பிரிவில் அதிகபட்சம் ஆறு மாதம், அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கடிபட்டது உங்கள் வீட்டில். ஆனால் பெரிய வழக்கில் உள்ளே போவதும் உங்கள் வீட்டு ஆளாகவே இருக்கும். அதோடு, கடித்த நாய் பத்து நாள் நல்லபடியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாக்டர் கேட்கும்போது சொல்ல அது உயிரோடு இருக்க வேண்டாமா?

மாமியாருக்கு ஊசி போட ஆரம்பித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அரசு மருத்துவமனையில் இலவசம்தான். காயம் ஆறிவிட்டது, நாய் நன்றாக இருக்கிறது என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். 28-ஆம் நாள் ஊசியைத்தான் நிறைய பேர் மறந்துபோகிறார்கள். ஓ.பி. சீட்டில் "பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய் கடித்தது" என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் "நாய்க்கடி" என்றிருந்தால், அது தெருநாய் என்று சொல்லி அவர்கள் நழுவிவிடுவார்கள்.

இனி அந்த போர்டு. என்னிடம் வரும் நாய் வழக்குகளில் பாதியில் எதிர்த்தரப்பு இதைத்தான் கேடயமாகத் தூக்கிக்கொண்டு வருகிறது. ஒரு வழக்கில் குறுக்கு விசாரணையின்போது நாயின் சொந்தக்காரரிடம், "எதற்காக அந்த போர்டை மாட்டினீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். "கடிக்கும்னு தெரியும்ங்க, அதான்" என்றார். அதற்குப் பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. நாயின் சுபாவம் தெரிந்தும் அடக்கி வைக்கவில்லை என்பதுதானே உங்கள் குற்றச்சாட்டே! அவர்கள் காம்பவுண்டுக்குள் நுழைந்தவருக்கு வேண்டுமானால் அந்த போர்டு எச்சரிக்கை. தன் வாசலில் கோலம் போடுகிற அம்மாவுக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஆகவே போர்டையும் கம்பி சுற்றிய கேட்டையும் தெருவில் நின்றபடியே இன்றைக்கே போட்டோ எடுங்கள். நாளைக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். எதிர் வீட்டில் கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள். பால்காரரிடமும் பேசி வையுங்கள்; அவர் சாட்சி சொன்னால், இது முதல் தடவை அல்ல என்று நிரூபணமாகும்.

போலீஸ் எடுக்குமா என்றால், எடுக்க வேண்டும். 291 பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வரக்கூடிய குற்றம். அந்தப் பிரிவு உயிராபத்தையும் கொடுங்காய அபாயத்தையும் பற்றிப் பேசுவதால், "சின்னக் கடிதானே" என்று வாதாடப் பார்ப்பார்கள். வயதானவர், பெரிய நாய், கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தது என்று புகாரில் விவரமாக எழுதுங்கள். அஜாக்கிரதையால் காயம் ஏற்படுத்தியதற்கான 125(ஏ) பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். புகாரைப் பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

நடைமுறையில் இன்ஸ்பெக்டர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, "சமாதானமாப் போங்க" என்பார். போங்கள், ஆனால் வாய்வார்த்தையாக வேண்டாம். கேட் எந்தத் தேதிக்குள் சரிசெய்யப்படும், வெளியே கூட்டிவரும்போது சங்கிலியும் வாய்மூடியும் போடுவார்களா, ரேபிஸ் தடுப்பூசி சான்றின் நகல், சிகிச்சைச் செலவு எல்லாவற்றையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். நாயைப் பகல் முழுக்கக் கட்டியே வைப்பதும் தவறு என்பதைச் சொல்லிவிடுங்கள். எப்போதும் கட்டிவைக்கிற நாயை நடைக்குக் கூட்டிப்போகாமல் இருப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பாவம், அந்த நாயின் கோபத்தில் பாதி தென்னை மரத்தடியில் வந்ததாகக்கூட இருக்கலாம்.

எழுதிக் கொடுத்தும் மீறினால், தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) மனு கொடுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்படி ஆபத்தான விலங்கை அடைத்துவைக்கும்படி அவர் உத்தரவிடலாம். நஷ்ட ஈட்டுக்கு சிவில் வழக்கும் உண்டு. இந்தக் காயத்துக்கு, கோர்ட்டுக்கு அலையும் செலவோடு ஒப்பிட்டால் லாபமில்லை என்பேன். வக்கீல் உதவி வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மாமியார் பெயரிலேயே மனு போடுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்ககச் சங்கம், லிஃப்டில் நாயைக் கூட்டிவரக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. செல்லுமா?
– வாசகர், சென்னை

பதில்: செல்லாது. மெஜாரிட்டி ஓட்டு போட்டுக்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் சங்கிலியைத் தளரவிட்டு லிஃப்டில் ஏறாதீர்கள். குழந்தையோடு யாராவது நின்றால் அடுத்த நடையில் போங்கள். சங்கத்துக்குப் பதில் எழுதும் முன் மாநகராட்சி உரிமமும் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நோட்டீஸை விட்டுவிட்டு முதலில் அதை வாங்குங்கள்.