தாத்தா வீட்டு இரும்பு கேட்டை லோரியில் ஏற்றுவதற்கு முன்

ஜார்ஜ்டவுன் பினாங்கு ஸ்திரீட்டில் தாத்தா காலத்துக் கடைவீடு ஒன்று பங்கில் கிடைத்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "முன்வாசலில் சுருள் சுருளாகப் பூவேலை செய்த இரும்பு கேட், மாடி ஜன்னல்களில் அதே மாதிரி கிரில். எல்லாம் துரு ஏறிக் கிடக்கிறது. வீட்டைச் செப்பனிட வந்த குத்தகைக்காரர், இது தேறாது, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடித்துவிடலாம் என்கிறார். இது கையால் அடித்ததா, மெஷினில் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காப்பாற்ற முடியுமா? முடியுமென்றால் தைப்பூசத்துக்குள் ஆகுமா?"

முதல் காரியம், யாரையும் கழற்ற விடாதீர்கள். "சூராட் காபார் லாமா" (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற லோரியில் இப்படிப்பட்ட கேட்டுகள் கவிழ்ந்து கிடப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். எடைக்குத்தான் காசு கொடுப்பார்கள், வேலைப்பாட்டுக்கு ஒரு சென் கிடையாது.

நீங்கள் அனுப்பிய படங்களில் கேட் முழுசாகத் தெரிகிறது, ஆனால் எனக்கு வேண்டியது மூட்டு. பூவையும் சுருளையும் பார்த்து மயங்கிப்போகிறோம், உண்மையைச் சொல்வது ஒரு கம்பி இன்னொரு கம்பியைத் தொடுகிற இடம்தான். இன்றைய கிரில் கடையில் எல்லா மூட்டும் வெல்டிங். ஒரு பொட்டு வைத்து, கிரைண்டரில் தேய்த்து, மேலே சாயம் அடித்துவிடுவார்கள். பழைய கொல்லர் அப்படிச் செய்யவில்லை. குறுக்குக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, உளியால் பிளந்து, ஊசிக்கூர் இரும்பை அடித்து இறக்கி ஓட்டையைப் பெரிதாக்கி, அதன் வழியாக நெடுக்குக் கம்பியை நுழைத்திருப்பார். டிரில் போட்டால் இரும்பு தூளாக வெளியே போய்விடும். இப்படிச் செய்தால் எதுவும் வெளியே போகாது, ஓரத்துக்கு ஒதுங்கும். அதனால் ஓட்டை இருக்கும் இடத்தில் கம்பி இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்திருக்கும், இரை விழுங்கின பாம்பு மாதிரி. விரலை வைத்து மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும்.

அடுத்தது சுருள்கள் ஒன்றையொன்று தொடும் இடம். அங்கே சின்னப் பட்டை ஒன்று இடுப்பு ஒட்டியாணம் போலச் சுற்றிப் பிடித்திருந்தால் அது நல்ல சகுனம். சூடாகச் சுற்றி அடித்த பட்டை, ஆறும்போது சுருங்கி இறுக்கிக்கொள்ளும், வெல்டிங்கே வேண்டாம். அப்புறம் சுருளின் நுனி. கைவேலையில் கம்பி நுனிக்குப் போகப் போக மெலியும், கடைசியில் மீன்வால் போலவோ, சின்னக் காசு போலவோ, இலை போலவோ தட்டி முடித்திருப்பார்கள். மெஷின் சுருள் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே தடிமன், நுனி வெட்டிவிட்ட மாதிரி மொட்டையாக நிற்கும். இன்னொரு சுலபமான சோதனை: ஒரு சுருள் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள், அதே காகிதத்தைப் பக்கத்துச் சுருள் மேல் வையுங்கள். நூல் பிசகாமல் பொருந்தினால் சந்தேகப்படலாம். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் விலகினால் மனுஷக் கை.

இதில் பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தேனிரும்பு என்று படித்தோமே, அதன் ஆங்கிலப் பெயர் 'ராட் அயர்ன்'. கடைகளில் அந்தப் பெயரை மட்டும் வைத்து வேறொன்றை விற்கிறார்கள். இன்று அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் மென்னெஃகு, அதாவது மைல்ட் ஸ்டீல். உண்மையான தேனிரும்பில் கரி (கார்பன்) மிகக் குறைவு, 0.1 சதவீதத்துக்கும் கீழே. உருக்கும்போது கலந்த கசடு நாராக நீண்டு உள்ளேயே இருக்கும், அதனால் துருப்பிடித்த இடத்தில் மரத்தின் ரேகை மாதிரி வரி வரியாகத் தெரியும். 1784இல் ஹென்றி கார்ட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய முறைதான் அதை மலிவாக்கியது, 1856க்குப் பிறகு பெஸ்ஸமர் என்பவரின் முறையில் செய்த மலிவான எஃகு வந்து மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது, 1970களில் இங்கிலாந்தின் கடைசி ஆலையும் மூடிவிட்டது. உங்கள் வீடு 1930களுக்குப் பிந்தியது என்றால் கேட் கையால் அடித்ததாக இருந்தாலும் இரும்பு அநேகமாக மென்னெஃகுதான். அதனால் வேலையின் மதிப்பு குறையாது. ஒட்டுப் போடும்போது மட்டும் கவனம் வேண்டும்: தேனிரும்பில் மேலோட்டமாக வெல்டிங் வைத்தால் கசடு நார் வழியே உரிந்து வந்துவிடும், உள்வரை இறங்கணும்.

வார்ப்பிரும்பு முற்றிலும் வேறு சாதி. அச்சில் ஊற்றியது, கரி 2 முதல் 4 சதவீதம், சுத்தியலால் அடித்தால் பீங்கான் மாதிரி உடையும். ஜார்ஜ்டவுனில் நாம் அண்ணாந்து பார்த்து வியக்கிற பலதும் இதுதான். லீத் ஸ்திரீட்டில் சியோங் ஃபாட் சீயின் நீல மாளிகையிலும் சர்ச் ஸ்திரீட் பெரானாக்கான் மாளிகையிலும் இருக்கும் இரும்புப் பின்னல் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்த வார்ப்பு வேலை. அழகு குறைவில்லை, ஆனால் கொல்லர் வேலை அல்ல. தெருமுனைகளில் சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிற கேலிச்சித்திரங்கள் 52 இருக்கின்றனவே, அவையும் கொல்லர் அடித்தவை அல்ல, எஃகுக் கம்பியை வளைத்து ஒட்டியவை. உங்கள் கேட்டில் நடுவில் இருக்கும் பூ கனமாக, பின்பக்கம் தட்டையாக, ஓரத்தில் மெல்லிய கோடு ஓடுகிற மாதிரி இருந்தால் அந்தப் பூ மட்டும் வார்ப்பு. கலந்து செய்வது சகஜம். அதன் மேல் சுத்தியல் படக்கூடாது.

சரி, துருவுக்கு வருவோம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். அதனால்தான் பட்டை வெடிக்கிறது, தூணில் பதித்த இடத்தில் சிமெண்ட் பிளக்கிறது. பரந்த இடத்தில் செதில் செதிலாக இருப்பது பார்க்கத்தான் பயமாக இருக்கும், சுரண்டினால் உள்ளே முக்கால்வாசி இரும்பு நன்றாகவே இருக்கும். கவலைப்பட வேண்டியது இரண்டு இடம்: பட்டைக்கு அடியில், தரையில் புதைந்த கால்களில். ஒரு கூரான ஸ்குரூடிரைவரால் அங்கே குத்திப் பாருங்கள். டங் என்று நின்றால் பிழைத்தது, புஸ்ஸென்று இறங்கினால் அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் புதிது ஒட்டவேண்டும். மொத்த கேட்டையும் அல்ல.

அவசரத்தில் செய்யக்கூடாத ஒன்று, ஆசிட் தொட்டி. நானே சூடுபட்டவன். பல வருஷத்துக்கு முன் ஒரு பழைய ஜன்னல் கிரிலை ஆசிடில் முக்கித் துத்தநாகம் பூசும் பட்டறைக்கு அனுப்பினேன். பளபளவென்று வந்தது, எனக்கும் சந்தோஷம். மூன்றே மாதத்தில் ஒவ்வொரு பட்டைக்கு அடியிலிருந்தும் கண்ணீர் மாதிரி பழுப்புக் கோடு இறங்கியது. இடுக்கில் போன ஆசிட் வெளியே வரவில்லை, உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. வெல்டிங் செய்த புது கிரிலுக்குத் துத்தநாகம் நல்லதுதான். பட்டை போட்ட பழைய வேலைக்கு வேண்டாம். மணல் பீய்ச்சுவதும் பலமாகச் செய்தால் சுத்தியல் தடத்தையே அழித்துவிடும்.

பழைய சாயத்தில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஆரஞ்சுச் சிவப்பில் ஓர் அடுக்கு வந்தால் அது பெரும்பாலும் செந்தூரம், ஈயத்தின் ஆக்சைடு. காய்ந்தபடி தேய்க்கவோ நெருப்பில் பொசுக்கவோ கூடாது. நனைத்துச் சுரண்டி, தூளை மூட்டைகட்டி, குழந்தைகளைத் தள்ளி நிறுத்தி, முகமூடி போட்டுச் செய்யவேண்டும். சாயம் உரிக்கும் களிம்பு தடவினால் வேலை பாதி. அப்புறம் கம்பி பிரஷ். கிரைண்டரை எடுக்க ஆளுக்குக் கை துறுதுறுக்கும், தடுத்துவிடுங்கள்.

வெடித்த பட்டைக்குப் பதில் புதிது அடிக்க ஒரு கணக்கு உண்டு, உங்கள் ஆளிடம் கேட்டுப் பாருங்கள், தெரிந்தால் அவர் கொல்லர். பிடிக்கவேண்டிய கம்பிகளின் சுற்றளவு, அதோடு பட்டைத் தடிமனைப் போல இரண்டரை மடங்கு. 12க்கு 6 மில்லிமீட்டர் கம்பி இரண்டு அகலம் அகலமாக ஒட்டி நின்றால் 12க்கு 12, சுற்றளவு 48. பட்டை 4 மில்லிமீட்டர் என்றால் 10 சேர்த்து 58. வெட்டி, வளைத்து, செக்கச் செவேலென்று காய்ச்சி, மூன்று நான்கு அடியில் மூடிவிட வேண்டும், இரும்பு கறுத்த பிறகு அடிப்பது வீண். இதைச் செய்யத் தெரியாதவர் வெல்டிங் பொட்டு வைத்து மேலே பொய்ப்பட்டை ஒட்டுவார். இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று அனுப்பிவிடுங்கள்.

சாயத்துக்குப் பினாங்கில் ஈரம்தான் எதிரி. சுத்தம் செய்த இரும்பு காலையில் சாம்பல் நிறம், இரவு விட்டால் மறுநாள் ஆரஞ்சு. அதனால் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அன்றைக்கே ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் முதல் பூச்சு. ஓரங்களுக்கும் மூட்டுகளுக்கும் சின்னப் பிரஷால் தனியாக ஒருமுறை, ஏனென்றால் சாயம் ஓரத்தில் நிற்காமல் வழுகிவிடும். பிரைமர் காய்ந்ததும் பட்டை இடுக்குகளைச் சாயம் ஏற்கும் பசையால் அடைத்து, இன்னொரு பிரைமர், அப்புறம் மேல்பூச்சு இரண்டு. காலை ஈரம் வற்றிய பிறகு, பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். கேட்டின் கால்களைத் திரும்ப சிமெண்டில் புதைக்காமல், தண்ணீர் வடிய அடியில் விரல் அளவு இடைவெளி விடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடல் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது சாதாரண 304 ரகம் தேநீர்க் கறை படிந்த மாதிரி பழுப்பேறும், 316 வாங்கினால் செலவு ஏறும், அதையும் கழுவத்தான் வேண்டும். துருப்பிடிக்காது என்று குத்தகைக்காரர் சொன்னால் அது பாதி உண்மை. இன்னொன்று, ஜார்ஜ்டவுன் 2008இலிருந்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் வீடு அந்த எல்லைக்குள் வருவதால், முகப்பில் கை வைப்பதற்கு முன் மாநகராட்சி மன்றத்தில் கேட்டுவிடுங்கள். பழைய கேட்டைக் கழற்ற வேண்டாம் என்று குத்தகைக்காரரிடம் சொல்ல அதுவே நல்ல காரணம்.

தைப்பூசத்துக்குள் முடியுமா? முடியும், இப்போதே ஆள் பிடித்தால். மழை கொட்டுகிற செப்டம்பர், அக்டோபரில் கழற்றவே வேண்டாம், அந்த நேரத்தில் ஆள் தேடுங்கள், ஒவ்வொரு மூட்டையும் படம் எடுத்து எண் போட்டு வையுங்கள். டிசம்பரில் இறக்கினால் ஜனவரி வெயிலில் சாயம் அடிக்கலாம். முதலில் ஜன்னல் கிரில் ஒன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள், திருப்தியானால் கேட். கடைசிப் பூச்சுக்கும் திருவிழாவுக்கும் இடையில் ஒரு வாரமாவது விடுங்கள், தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுகியிருக்காது. வெள்ளி ரதம் உங்கள் தெருக் கோயில் வீட்டிலிருந்துதானே கிளம்புகிறது, உடைக்கிற தேங்காயில் இளநீர் உங்கள் கேட்டிலும் தெறிக்கும். மறுநாள் காலை ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவி, பட்டைகளைத் துணியால் துடைத்துவிடுங்கள்.