விளம்பரத்தில் கேட்டது கிதார், தேடினால் வருவது சிந்தசைசர்

ஒரு டிவி விளம்பரத்தில் கேட்ட கிதார் பாட்டைத் தேடினால் சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) பாட்டு வருகிறது, விளம்பரத்தில் பாடியது யார் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடும் குரல் பாடகர் ஹோசே கொன்சாலெஸுடையது. சான் பிரான்சிஸ்கோவின் சரிவுத் தெருவில் வண்ணப் பந்துகள் துள்ளி இறங்கும் அந்த 2005 சோனி பிராவியா டிவி விளம்பரத்தில் இருப்பது அவர் பாடிய 'ஹார்ட்பீட்ஸ்'.

உங்களுக்குக் கிடைத்த சிந்தசைசர் பாட்டும் தப்பில்லை. அதுதான் மூலம், 'தி நைஃப்' என்ற ஸ்வீடன் இரட்டையர் செய்தது. கொன்சாலெஸும் ஸ்வீடன்காரர்தான், கோத்தன்பர்க்கில் பிறந்தவர்.

அவருடைய 'வெனீர்' (2003) ஆல்பத்தில் இந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். நைலான் தந்திக் கிதார் ஒன்று, தாழ்ந்த குரல் ஒன்று, அவ்வளவுதான்.

அப்புறம், இதே தலைப்பில் வேறு பாட்டுகளும் உண்டு. பாடகர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். மூலத்தையும் விட்டுவிடாதீர்கள். நான் இந்தக் கிதார் வழியாக ஸ்வீடன் இசைக்குள் போனவன், இன்னும் வெளியே வரவில்லை.