ஷ்ரிங்க் ஸ்லீவுக்கு பேட்டன்ட் கிடைக்குமா?

கேள்வி: பாட்டிலில் மாட்டிச் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஷ்ரிங்க் ஸ்லீவ் தயாரிக்கிறேன். என் உறையில் சில பட்டைகள் மட்டும் குறைவாகச் சுருங்கும். அந்த இடங்களில் பாட்டிலுக்கும் உறைக்கும் நடுவே காற்று நிற்பதால் சூடான பானம் இருந்தாலும் கை சுடாது. இரண்டு வாடிக்கையாளர்களுக்கு மாதிரி கொடுத்திருக்கிறேன். பேட்டன்ட் வாங்க முடியுமா?

பதில்: வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் மாதிரி கொடுத்த விஷயம்தான் எனக்குக் கவலை. ரகசியம் காக்க எழுதி வாங்காமல் கொடுத்திருந்தால், ஐரோப்பாவில் விண்ணப்பத்துக்கு முன்பே வெளியாகிவிட்டதால் புதுமை போய்விட்டது என்று சொல்ல இடம் கிடைத்துவிடும். அமெரிக்காவில் வெளியே காட்டிய பிறகும் விண்ணப்பிக்க 1 வருடச் சலுகை உண்டு. ஆனால் விற்பனையாகவே கொடுத்திருந்தால் ரகசிய ஒப்பந்தம் இருந்தாலும் அந்த 1 வருடக் கணக்கு அன்றே தொடங்கிவிடும், 2019-ல் ஹெல்சின் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் இனி யாருக்கும் காட்டாமல் முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சுருங்கும் உறையும் பழசு, காற்று சூட்டைத் தடுக்கும் என்பதும் பழசு. இரண்டையும் சேர்ப்பது இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தோன்றுமே என்று பேட்டன்ட் அலுவலக ஆய்வாளர் கட்டாயம் கேட்பார். உங்கள் பதில் அந்தப் பட்டைகளில்தான் இருக்கிறது. மற்றவர்கள் உறை எங்கும் தொங்காமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று பாடுபடும்போது நீங்கள் வேண்டுமென்றே சில இடங்களைப் பிடிக்காமல் விட்டிருக்கிறீர்கள். அந்த வித்தியாசம் எதனால் வருகிறது, பிளாஸ்டிக் வேறா, தடிமனா, முன்கூட்டி இழுத்த அளவா, எந்தச் சூட்டில் எத்தனை சதவீதம் சுருங்குகிறது என்பதையெல்லாம், சாதாரண உறையோடு ஒப்பிட்ட வெப்ப அளவீடுகளோடு எழுதுங்கள். ‘கை சுடாது’ என்று மட்டும் எழுதினால் அது வெறும் ஆசை.

‘சூட்டில் சுருக்கப்பட்ட’ என்ற சொல்லையும் ரொம்ப நம்ப வேண்டாம். பொருளுக்கு உரிமை கேட்கும்போது செய்த விதத்தை அல்ல, முடிந்த பொருளின் அமைப்பைத்தான் பார்ப்பார்கள். வேறு வழியில் செய்த அதே அமைப்பு ஏற்கனவே இருந்தால் அந்தக் கிளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதுவது) நிற்காது.

பலர் கோட்டை விடுகிற இடம் இன்னொன்று. ‘உறை ஏறிய பாட்டில்’ என்று மட்டும் கிளெய்ம் எழுதினால், அதை நேரடியாக மீறுகிறவர் பாட்டில் நிரப்பும் கம்பெனிக்காரர், அதாவது நாளை உங்களிடம் வாங்க வேண்டியவர். இன்னும் சூடு காட்டிச் சுருக்காத உறையை விற்கிற போட்டியாளரை நேரடியாகப் பிடிக்க முடியாது. அதனால் இன்னும் சுருக்காத உறை, உறை ஏறிய பாட்டில், ஏற்றும் முறை மூன்றுக்கும் தனித்தனியாகக் கிளெய்ம் கேளுங்கள்.