மருத்துவர் பதில்: அஞ்சுக்கு அஞ்சு போட்டவர் ஏன் பாதியில் நின்றார்?

கேள்வி: ஏற்காடு பக்கம் நாகலூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது, காப்பித் தோட்டத்தில் வேலை. மாரடைப்பு வந்து சேலத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் வரச் சொன்னார்கள். ஆறாவது நாள் ஒரு படிவம் கொடுத்து, திருப்தியா என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து மார்க் போட்டார். அதோடு போகவே இல்லை. திருப்தி என்றால் ஏன் நின்றார் டாக்டர்?

பதில்: அப்பா பொய் சொல்லவில்லையம்மா. பயிற்சி தந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு மார்க் போட்டிருக்கிறார். பல்ஸ் பிடித்த கையே பேனாவையும் நீட்டினால் நம் ஊரில் யார் மூன்று போடுவார்கள்? 'திருப்தியா?' என்று மொட்டையாகக் கேட்டால் நல்ல மையத்துக்கும் சுமாரான மையத்துக்கும் ஒரே மார்க்தான் வரும். போதாததற்கு, பல இடங்களில் கடைசி நாளில்தான் படிவமே தருவார்கள். பாதியில் நின்றவர் கணக்கிலேயே வரமாட்டார். அதனால் ஒரு மையம் மார்க்கைக் காட்டினால், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர், செருப்போடு ட்ரெட்மில்லில் ஏறக்கூடாது என்றதும் நின்றுவிட்டார். ஷூ வாங்கக் காசில்லை. மாத்திரை வாங்க வந்தபோதுதான் வாய்விட்டுச் சொன்னார். படிவத்தில் ஷூவைப் பற்றிக் கேள்வியே கிடையாது.

கேட்க வேண்டியவை வேறு. வந்துபோக எவ்வளவு நேரம், அன்றைய கூலி போச்சா, வீட்டில் என்ன செய்யணும் என்று புரிந்ததா, மேடேறப் பயம் குறைந்ததா? இதைப் பயிற்சி தராத ஒருவர் கேட்க வேண்டும். திருப்தி வேறு, பலன் வேறு என்பதும் உண்டு. ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்று முதலிலும் கடைசியிலும் அளந்தால் பலன் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே வந்து நன்றாகத் தேறியவர்களும் இருக்கிறார்கள்.

அப்பாவிடம் "ஏன் போகலை" என்று கேட்காதீர்கள், குற்றம் சாட்டுவது போலாகிவிடும். "போற நாள்ல எது கஷ்டமா இருந்துச்சு" என்று கேளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, திரும்ப ஏறி வருவதே பாதிக் காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் சொல்லி, வீட்டிலேயே செய்யும் பயிற்சியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

அதுவரை, டிஸ்சார்ஜ் சீட்டில் நடக்கத் தடை இல்லையென்றால், பனி விலகிய பிறகு சமமான ரோட்டில் மெதுவாக நடக்கட்டும், தோட்டத்து மேட்டில் வேண்டாம். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். நெஞ்சு அழுத்தினாலோ, தலை சுற்றினாலோ, வழக்கத்தைவிட மூச்சு வாங்கினாலோ உடனே உட்காரணும். உட்கார்ந்தும் விடவில்லையென்றால் 108. ஸ்டென்டுக்கான மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது.

அடுத்து சேலம் போகும்போது, படிவத்தின் அடியில் 'பிற கருத்துகள்' என்று இரண்டு வரி இடம் இருக்கும். நாகலூரில் எத்தனை மணிக்கு பஸ் ஏறி எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்று அதில் எழுதிக் கொடுங்கள்.