தோட்டாவை எண்ணுகிறவனின் பயம்: சர்வைவல் ஹாரர் குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பேய், ஸாம்பி, இருட்டு ஆகியவை இருந்தால் ஒரு வீடியோ விளையாட்டை சர்வைவல் ஹாரர், அதாவது உயிர்பிழைக்கப் போராடும் திகில் வகை, என்று சொல்லிவிடலாமா? பயமுறுத்துவதுதானே அதன் வேலை?

பதில்: சொல்லிவிட முடியாது. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த லெஃப்ட் 4 டெட் விளையாட்டில் ஸாம்பிகள் கூட்டம் கூட்டமாக ஓடிவருகின்றன. இருட்டும் உண்டு, தூக்கிவாரிப்போடும் இடங்களும் உண்டு. ஆனாலும் கூட்டாளிகள் மூவர் துணைக்கு நிற்க, பாதுகாப்பறையில் தோட்டாக் குவியல் காத்திருக்க, கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளுவதே அங்கே சரியான ஆட்டம் என்பதால் அது வேறு வகையைச் சேர்ந்தது.

சர்வைவல் ஹாரரில் நிலைமை இப்படி இருக்கும். குறுகிய நடைவழி ஒன்றில் ஒரு ஸாம்பி தள்ளாடி வருகிறது. உங்கள் கைத்துப்பாக்கியில் பதினைந்து தோட்டாக்கள் இருக்கின்றன. அதை வீழ்த்த ஐந்தாறு செலவாகும். வீழ்த்தினால் காசு கிடைக்காது, அனுபவப் புள்ளி ஏறாது, அதன் சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாகூட விழாது. பிறகு எதற்காகச் சுட வேண்டும்? அந்த வழியாக இன்னும் எத்தனை முறை போய்வர வேண்டியிருக்கும் என்பதை வைத்துத்தான் அதைத் தீர்மானிக்க முடியும். ஒரு முறைதான் என்றால் வளைந்து ஓடிவிடலாம். பத்து முறை என்றால் இப்போதே செலவழிப்பது லாபம். கொன்றால் கூலி இல்லை, கொல்லாமல் விட்டாலும் விலை உண்டு என்ற இந்தக் கணக்குதான் என் பார்வையில் இந்த வகையின் இலக்கணம். பேயையும் இரத்தத்தையும் மேல்பூச்சு என்றே சொல்வேன்.

1996இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவில் விளையாட்டை 2002இல் கேம்கியூப் விளையாட்டுக் கருவிக்காகப் புதிதாக உருவாக்கியபோது, இயக்குநர் ஷின்ஜி மிகாமி இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்கினார். தலை சிதறாமலும் எரிக்கப்படாமலும் கிடக்கும் பிணம், நேரம் கழித்து, முன்பைவிட வேகமாக, நகங்களோடு எழுந்துவரும். எரிப்பதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். அதுவும் அளவாகத்தான் கிடைக்கும், அந்தக் குப்பியும் பையில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். சுட்டுவிட்டோம், தீர்ந்தது என்று நிம்மதியாக மூச்சுவிட முடியாதபடி செய்த அந்த மாற்றத்தை இன்றும் வியக்கிறேன்.

கேள்வி: இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ரெசிடென்ட் ஈவிலுக்கு முன் இவ்வகை விளையாட்டுகளே இல்லையா?

பதில்: பெயரைப் பரப்பியது அந்த விளையாட்டுதான்; ஜப்பானில் அதற்கு பயோஹசார்ட் என்று பெயர். ஆனால் உள்ளடக்கம் அதைவிடப் பழையது. ரெசிடென்ட் ஈவிலை உருவாக்கிய கேப்காம் நிறுவனமே 1989இல் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட ஸ்வீட் ஹோமில் ஐந்து பேர் ஒரு மாளிகைக்குள் சிக்கிக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு தனிக் கருவி, சுமக்கக்கூடிய பொருள்களுக்கு வரம்பு, செத்தவர் மீண்டு வருவதில்லை என்ற விதிகள் அதில் இருந்தன. அதை இயக்கிய டோகுரோ ஃபுஜிவாராதான் பின்னர் முதல் ரெசிடென்ட் ஈவிலின் தயாரிப்பாளர். மறுபக்கம், 1992இல் பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்ட, ஃபிரெடெரிக் ரேனால் உருவாக்கிய அலோன் இன் தி டார்க், தட்டையான பின்னணிப் படத்தின்மேல் முப்பரிமாண உருவங்களை நடமாடவிட்டு, அறைக்கு அறை கேமராவை ஒரு மூலையில் நிலையாக நிறுத்தியது. மாளிகையும் தட்டுப்பாடும் ஒன்றிலிருந்து, பார்வைக் கோணம் மற்றொன்றிலிருந்து என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறு வராது.

கேள்வி: ரெசிடென்ட் ஈவிலில் ஆறே பொருள்களைத்தான் தூக்கிச் செல்லலாம் என்ற கட்டுப்பாடு எரிச்சலாக இருக்கிறது. ஒரு காவல் அதிகாரியால் ஏழாவதாக ஒரு சாவியை எடுக்க முடியாதா?

பதில்: தர்க்கப்படி நீங்கள் கேட்பது நியாயம்தான். சட்டைப் பையில் போடக்கூடிய சாவியும் இரண்டு கைகளால் தூக்க வேண்டிய ஷாட்கன்னும் ஒரே அளவு இடத்தைப் பிடிப்பது நகைப்புக்குரியது. ஆனால் அந்த எரிச்சல்தான் ஆட்டத்தை ஓட்டுகிறது.

முதல் ரெசிடென்ட் ஈவிலில் கிறிஸ், ஜில் என்ற இரு பாத்திரங்களில் கிறிஸ்ஸைத் தேர்ந்தெடுத்தால் பையில் ஆறு இடங்கள். கைத்துப்பாக்கி, உபரித் தோட்டாக்கள், கத்தி, ஒரு பச்சை மூலிகை, ஒரு சாவி, தட்டச்சு இயந்திரத்துக்கான மை நாடா, பை நிறைந்துவிட்டது. இப்போது மேசைமேல் புதிர் ஒன்றுக்கு அவசியமான பொருள் கிடக்கிறது. மூலிகையைத் தின்று இடம் உண்டாக்கலாம். உடல்நலம் நன்றாக இருக்கும்போது அது வீண் செலவு. இல்லாவிட்டால் பொருள்களைப் போட்டுவைக்கும் பெட்டி இருக்கும் அறைவரை திரும்பிப் போக வேண்டும். போகும் வழியில்தானே நீங்கள் சுடாமல் விட்டுவந்த அந்த ஸாம்பி நிற்கிறது? தோட்டாக் கணக்கும் பைக் கணக்கும் இப்படி ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும்போதுதான் அந்த மாளிகை வெறும் வரைபடமாக இல்லாமல், ஒவ்வொரு கதவையும் பெயர் சொல்லி அறிந்த இடமாக மாறுகிறது. ஜில்லுக்கு எட்டு இடங்களும் பூட்டைத் திறக்கும் கம்பியும் கொடுத்திருப்பதால், பாத்திரத் தேர்வே அங்கே கடினத் தேர்வாகவும் அமைந்துவிடுகிறது.

மை நாடாவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆட்டத்தைச் சேமிக்க ஒவ்வொரு முறையும் ஒரு நாடா செலவாகும். மிச்சம் பிடிக்கிறேன் என்று நாடாவைத் தொடாமல் இரண்டு மணி நேரம் ஆடி, ஒரு பாம்பிடம் அத்தனையையும் இழந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு கஞ்சத்தனத்துக்கும் சிக்கனத்துக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: பழைய விளையாட்டுகளின் மோசமான கேமராவையும் டாங்க் போலத் திரும்பும் நடையையும் கலை என்று புகழ்கிறீர்களே, அவை அக்கால இயந்திரங்களின் போதாமை மட்டும்தானே?

பதில்: போதாமையில் பிறந்தவை என்பதில் ஐயமில்லை. கதவு மெல்லத் திறக்கும் காட்சியே குறுந்தகட்டிலிருந்து அடுத்த அறையை ஏற்றுவதற்கான அவகாசம்தான். 1999இல் வந்த சைலன்ட் ஹில்லின் புகழ்பெற்ற மூடுபனிகூட, தொலைவில் இருப்பதை வரைந்துகாட்ட பிளேஸ்டேஷனுக்குத் திராணி இல்லாததை மறைக்கப் போர்த்திய போர்வை. ஆனால் அதை உருவாக்கியவர்கள் அந்தப் பனிக்குள் ஒரு வானொலிப் பெட்டியைக் கொடுத்தார்கள். அரக்கன் அருகில் வந்தால் அது இரையத் தொடங்கும். எந்தப் பக்கம் என்று சொல்லாது. ஏதோ இருக்கிறது என்பது தெரியும், எங்கே என்பது தெரியாது. அந்த அரைகுறைத் தகவலைவிடக் கொடிய அரக்கன் அந்த ஊரில் கிடையாது.

நிலையான கேமராவும் அப்படித்தான். மூலைக்கு அப்பால் இருப்பதைப் பாத்திரம் பார்க்கிறது, நீங்கள் பார்க்கவில்லை. காலடி இழுபடும் ஓசை மட்டும் கேட்கிறது. டாங்க் நடையை அந்த அளவுக்கு ஆதரித்துப் பேச மாட்டேன். கேமரா மாறினாலும் மேல்நோக்கிய பொத்தான் பாத்திரத்தை எப்போதும் அது பார்க்கும் திசையிலேயே நடத்தும் என்பதால் அதற்கு ஒரு நியாயம் உண்டு, அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் ரெசிடென்ட் ஈவில் 4 சர்வைவல் ஹாரரா, இல்லையா?

பதில்: இந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் சண்டை வரும். 2005இல் வந்த அந்த விளையாட்டில் விழுந்த எதிரிகள் தோட்டாவும் காசும் விட்டுச்செல்கிறார்கள். வணிகன் ஒருவன் ஆயுதங்களை விற்கிறான், வாங்குகிறான், மேம்படுத்தியும் தருகிறான். அதாவது கொலைக்குக் கூலி கிடைக்கத் தொடங்கிவிட்டது. எனவே என் கணக்கில் அது திகில் கலந்த அதிரடி விளையாட்டு. அந்த வகையில் அதற்கு நிகரானது குறைவு என்பதையும் மறுக்க மாட்டேன். தொடக்கத்தில் வரும் கிராமத்தை மட்டும் விதிவிலக்காகச் சொல்லலாம்: வீட்டுக்குள் புகுந்து அலமாரியைத் தள்ளிக் கதவை அடைத்து, சன்னல் வழியாக ஏணி சாய்க்கப்படுவதைக் கண்டு, வெளியே சங்கிலிரம்பத்தின் உறுமலைக் கேட்டபடி தோட்டாக்களை எண்ணும் அந்தச் சில நிமிடங்கள், தேவாலய மணி அடித்துக் கிராமத்தார் கலைந்து போகும்வரை, சுத்தமான சர்வைவல் ஹாரர்.

கேள்வி: ஆயுதமே இல்லாமல் ஒளிந்து ஓடும் விளையாட்டுகளை எங்கே வைப்பீர்கள்?

பதில்: அதுவும் புதிதல்ல. 1995இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த கிளாக் டவரில், பெரிய கத்தரிக்கோலோடு துரத்துகிறவனிடமிருந்து ஒரு சிறுமி ஓடி ஒளிவதுதான் ஆட்டம். 2010இல் ஃபிரிக்ஷனல் கேம்ஸ் வெளியிட்ட அம்னீசியாவில் தோட்டாவின் இடத்தை விளக்குக்கான எண்ணெய் எடுத்துக்கொண்டது: இருட்டில் நின்றால் மனநிலை குலையும், விளக்கை ஏற்றினால் எண்ணெய் தீரும். 2014இல் வந்த ஏலியன்: ஐசொலேஷனில் ஆயுதங்கள் இருந்தாலும் அந்த வேற்றுயிரைக் கொல்ல வழியில்லை, நெருப்பைக் காட்டிச் சற்று நேரம் விரட்டலாம். சேமிப்பதற்காகச் சுவரிலுள்ள கருவியில் அட்டையைச் செருகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை திறந்தவெளியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பற்றாக்குறை இருக்கிறது, கணக்கு இருக்கிறது. எனவே இவை குடும்பத்துக்குள்தான். செலவு எதுவும் இல்லாமல் துரத்தலை மட்டும் நம்பியிருக்கும் விளையாட்டுகள் எனக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடுகின்றன.

கேள்வி: டேஇஸட் போன்ற சர்வைவல் விளையாட்டுகளும் இவையும் ஒன்றா?

பதில்: இல்லை. அங்கே பசி, தாகம், பரந்த நிலம், பிற ஆட்டக்காரர்கள்; இங்கே எந்த அறையில் எத்தனை தோட்டா கிடைக்கும் என்பதைக்கூட முன்கூட்டியே அளந்து வைத்த ஒரு கட்டடம்.

கேள்வி: 2019இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2இலிருந்து தொடங்கினேன். காவல் நிலையத்திலேயே தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன. என்ன தவறு செய்கிறேன்?

பதில்: அனேகமாக எல்லா ஸாம்பிகளையும் முழுதாகக் கொல்ல முயல்கிறீர்கள். நடைவழி அகலமாக இருந்தால் காலில் சுட்டுக் கீழே விழவைத்துவிட்டுத் தாண்டிச் செல்லுங்கள். மரப்பலகைகளை எடுத்தவுடன் கண்ணில் பட்ட சன்னலில் அடித்துவிடாமல், எந்த வழியில் அடிக்கடி நடக்கிறீர்கள் என்று வரைபடத்தைப் பார்த்து, அங்குள்ள சன்னல்களை அடையுங்கள். பலகைகள் எல்லாச் சன்னலுக்கும் போதாது. ஹார்ட்கோர் என்ற கடின நிலையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே மை நாடா தேவைப்படும் என்பதால், முதல்முறை ஆடும்போது அந்தப் பக்கம் போக வேண்டாம். பின்னர் தொப்பி அணிந்த நெடிய உருவம் ஒன்று உங்களைத் தேடி நடக்கத் தொடங்கும். அதன்மேல் தோட்டாவை வீணாக்காமல் காலடி ஓசை எந்தத் தளத்தில் கேட்கிறது என்பதைக் கவனித்து நகருங்கள். தட்டச்சு இயந்திரம் இருக்கும் சிறிய அறைகளுக்குள் அது நுழையாது. பெரிய முகப்புக் கூடத்திலும் ஒரு தட்டச்சு இயந்திரம் இருக்கிறது. ஆனால் அங்கே அது தாராளமாக வரும்.