ஐட்லிங்கில் பைக் தடுமாறி அணைந்துபோவது ஏன்?

ஓடும்போது நன்றாக இருக்கும் கார்புரேட்டர் பைக், ஆக்சிலரேட்டரை விட்டதும் தடுமாறி அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். ஐட்லிங் திருகை முறுக்கி வேகத்தைக் கூட்டாதீர்கள். கோளாறு மறையுமே தவிர தீராது. எஞ்சின் நன்றாகச் சூடானபின் சோக்கை, அதாவது கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் விசையை, பாதி இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால், பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கோ கூடுதல் காற்று நுழைகிறது.

பெட்ரோல் போதாததற்குப் பெரும்பாலும் காரணம், கார்புரேட்டருக்குள் இருக்கும் பைலட் ஜெட் என்ற சிறு துளையுள்ள திருகுதான். ஐட்லிங்குக்கான பெட்ரோல் அதன் வழியாகவே வருகிறது. துளையோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வண்டியைச் சில மாதங்கள் எடுக்காமல் வைத்தாலே பெட்ரோல் பிசினாகி அதை அடைத்துவிடும். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்று பிடித்தால் போதும். தயவுசெய்து கம்பியால் குத்தாதீர்கள். மென்மையான பித்தளை, கீறினால் துளையின் அளவே மாறிவிடும்.

ஜெட் சுத்தமென்றால், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அதன்மேல் தண்ணீர் தெளித்ததும் சத்தம் மாறினால் காற்று அங்கேதான் நுழைகிறது.

சோக் இழுத்ததும் நிலைமை மோசமானால் பெட்ரோல் அதிகம்: ஏர் ஃபில்டரையும், கரி படிந்த ஸ்பார்க் பிளக்கையும் கவனியுங்கள். எதுவுமே இல்லையென்றால், வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் வால்வு இடைவெளியை மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளி குறைந்து இறுகிப்போன எஞ்சின், சூடேறியபின்தான் அணையத் தொடங்கும்.